இணக்கம் என்னும் மயக்கம்

"தரத்துக்கு இணங்கியது" என்னும் தொடரைப்போல் எளிதில் விலைபோகும் தொடர் இன்று வேறில்லை. மென்பொருள் விற்க வருபவர் அதைச் சொல்கிறார். ஒப்பந்தப்புள்ளி கோரும் அலுவலகம் அதைக் கேட்கிறது. கல்லூரிச் செயல்திட்ட அறிக்கையின் முதற்பக்கத்தில் மாணவர் அதை எழுதுகிறார். மூவரும் அத்தொடருக்கு ஒரே பொருளைக் கொள்கின்றனர்: "இது எங்கும் ஓடும்." அப்படியொரு பொருள் அத்தொடருக்கு இல்லை, எக்காலத்தும் இருந்ததில்லை என்று சொல்லவே இதை எழுதுகிறோம்.

தமிழ் படித்துத் தமிழ் கற்பிக்கும் நமக்கு நிரலாக்கத்தில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஒரு பாட்டு நம்மை அங்கே இழுத்துச் சென்றது.

நம் துறையில் மூத்தவர் ஒருவர் இருந்தார். இலஞ்சி, மேலகரம், ஆய்க்குடி, சுந்தரபாண்டியபுரம் என்று தென்காசியைச் சுற்றியுள்ள ஊர்களில் விடுமுறைதோறும் அலைந்து நடவுப்பாட்டும் தாலாட்டும் ஒப்பாரியுமாகச் சில நூறு பாடல்களைத் திரட்டியவர். 2001-ஆம் ஆண்டில் அவற்றை ஓர் அச்சுக்கோப்பு நிலையத்தில் தட்டச்சு செய்வித்துக் குறுந்தட்டில் வாங்கி வைத்தார். பிறகு அவர் மறைந்தார். பாடிய பெண்களில் பெரும்பாலோர் அவருக்கு முன்பே போய்விட்டனர். கையெழுத்து ஏடுகளைக் கரையான் கொண்டுபோயிற்று. எஞ்சியது அந்தக் குறுந்தட்டு ஒன்றே. அதைத் திறந்தால் திரையில் தமிழ் இல்லை. ஆங்கில எழுத்துகளும் இன்னதென்று தெரியாத குறிகளும் கலந்த குப்பைதான் இருந்தது. அந்நிலையத்தார் பயன்படுத்திய எழுத்துரு தனக்கென்று ஒரு குறியேற்றத்தை வைத்துக்கொண்டிருந்தது. இன்று அது எங்கும் கிடைப்பதில்லை.

கணினி அறிவியல் படிக்கும் மாணவி ஒருவர் தாமாக முன்வந்தார். அச்சிட்ட தாள்கள் சில நம்மிடம் இருந்தன. அவற்றோடு கோப்பை ஒப்பிட்டு, எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று ஓர் அட்டவணை தயாரித்தார். அதைக்கொண்டு ஒருங்குறிக்கு மாற்றும் நிரலொன்றைச் சி மொழியில் எழுதினார். சொந்தமாகக் கணினி இல்லாத பெண் அவர்; எழுதியதும் ஓட்டிப் பார்த்ததும் தம் கைப்பேசியில்தான். பத்துப் பாடல்களை மாற்றிக் காட்டினார். ஓர் எழுத்துப் பிசகவில்லை. மகிழ்ந்துபோனோம். துறையிலிருந்த மேசைக்கணினிக்கு நிரலைக் கொண்டுவந்து முழுத்தொகுப்பையும் மாற்றினோம். பிழைச்செய்தி ஏதுமின்றி ஓடி முடிந்தது. மெய்ப்புப் பார்க்க அமர்ந்தோம்.

ஒரு நடவுப்பாட்டில் "கலம்" என்று வந்தது. கலம் நெல்லளவை அல்லவா, நடவுப்பாட்டில் அது பொருந்தியே நின்றது. அடுத்த பக்கத்தில் "பாடி" இருக்கவேண்டிய இடத்தில் "படி" இருந்தது. அதுவும் அளவைப்பெயர்தான். இன்னொரு பாட்டில் "தய்" என்று கண்டபோதுதான் நெஞ்சு திக்கென்றது. திரும்பிச் சென்று பார்த்தால், "கலம்" என்று நாம் கடந்துவந்தது "காலம்". அவ்வெழுத்துருவில் துணைக்காலுக்கு இரண்டு இடங்கள் இருந்திருக்கின்றன. ஒன்றின் எண் 127-க்குக் கீழ், மற்றொன்றின் எண் அதற்கு மேல். தட்டச்சு செய்தவர் கைக்கு வந்ததை அடித்திருக்கிறார். மேலே இருந்த துணைக்கால்கள் அத்தனையும் மறைந்துவிட்டன. "தய்" என்ற ஒரு சொல் காட்டிக்கொடுத்திராவிட்டால் கலமும் படியும் அச்சேறியிருக்கும். பின்னாளில் யாரேனும் அவற்றை வட்டார வழக்கென்று கருதி ஆய்வேடும் எழுதியிருப்பார்.

"எம் போன்ல சரியாத்தான் வந்துச்சு, ஐயா" என்றார் அம்மாணவி. அவர் சொன்னது உண்மை. விவரம் அறிந்தவர் என்று நாம் அணுகிய ஒருவரோ, "நிரல் சி மொழித் தரத்துக்கு முழுக்க இணங்கியது. ஒரு பிழையும் இன்றிக் கம்பைல் ஆகிறது. பழுது உங்கள் கோப்பில்தான்" என்று தீர்ப்புச் சொல்லி அனுப்பிவிட்டார். அத்தீர்ப்பை எதிர்த்தே இந்த மேல்முறையீடு.

*

நடந்தது இதுதான். சி மொழியில் ஓர் எழுத்தை வைப்பதற்கென்றுள்ள சிறு பெட்டி எட்டு நுண்மிகளைக் கொள்வது. அதில் உள்ளதை 0 முதல் 255 வரையான எண்ணாகப் படிக்கலாம். -128 முதல் 127 வரையான எண்ணாகவும் படிக்கலாம். எப்படிப் படிக்கவேண்டும் என்று செந்தரம் ஆணையிடவில்லை. அந்தந்தக் கம்பைலரை ஆக்குவோர் முடிவு செய்து, தம் முடிவை ஆவணத்தில் எழுதிவைக்கவேண்டும் என்று மட்டும் சொல்கிறது. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் ஆர்ம் செயலிகளில் அப்பெட்டி குறையற்ற எண்ணாகப் படிக்கப்படுகிறது. இன்டெல் வழிவந்த மேசைக்கணினிகளில் வழக்கமாகக் குறையெண்ணும் கொள்ளும் பெட்டியாகப் படிக்கப்படுகிறது. கைப்பேசியில் 224 என்றிருக்கும் எண் மேசைக்கணினியில் -32 ஆகிவிடும். அட்டவணையின் 224-ஆம் வரிசைக்குப் போகவேண்டிய நிரல், தொடக்கத்துக்கும் 32 வரிசை முன்னால் யாருக்கும் உரிமையில்லாத நினைவகத்தைத் தொட்டது. அங்கே வெறுமை இருந்தது. வெறுமையை அச்சிட்டது.

127-க்குள் அடங்கிவிடும் ஆங்கிலத்துக்கு இத்துன்பம் நேர்வதில்லை. ஆங்கிலத்தை மட்டும் வைத்துச் சோதித்தவர் இந்நிரலை நூறு கணினிகளில் ஓட்டினாலும் குற்றம் காணமாட்டார். தமிழுக்குப் பழைய எழுத்துருவில் மட்டுமன்றிப் புதிய ஒருங்குறியிலும் இதே நிலைதான். இணையத்தில் இன்று வழங்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று எண்களாகப் பிரிகிறது; முதல் எண் எப்போதும் 224. "இது எழுத்தா?" என்று கேட்டறியும் சி மொழியின் சிறு செயற்கூறுக்கு அதை அப்படியே கொடுத்தால், மேசைக்கணினியில் அது குறையெண்ணாகச் சென்று சேரும். அதன்பின் என்ன நிகழும் என்பதற்குச் செந்தரம் எந்த உறுதியும் தருவதில்லை.

இனி, "இணங்கியது" என்ற சொல்லுக்கு வருவோம். சி மொழிக்கு 1989-இல் அமெரிக்கத் தர நிறுவனமும் 1990-இல் பன்னாட்டுத் தர அமைப்பும் செந்தரம் வகுத்தன. 1999, 2011, 2018 ஆகிய ஆண்டுகளிலும் அண்மையில் 2024-இலும் அது புதுப்பிக்கப்பட்டது. அச்செந்தரம் இணக்கத்தை இருவகையாகப் பிரிக்கிறது. ஒன்று கண்டிப்பான இணக்கம்: செந்தரம் உறுதியளித்தவற்றை மட்டுமே நம்பி, ஆக்குவோர் விருப்பத்துக்கு விட்டவற்றின்மீதும் வரையறுக்காமல் விட்டவற்றின்மீதும் விளைவு சாயாதபடி எழுதிய நிரலுக்கு உரியது. மற்றொன்று வெறும் இணக்கம். அதன் இலக்கணத்தைப் படித்தபோது சிரித்துவிட்டோம். தரத்துக்கு இணங்கிய கம்பைலர் ஏதேனும் ஒன்று ஏற்றுக்கொண்டால் அது இணங்கிய நிரல். அவ்வளவே! உலகில் ஒரே ஒரு கம்பைலர் தலையசைத்தால் போதும். நாம் அணுகிய அறிஞர் பொய் சொல்லவில்லை. அம்மாணவியின் நிரல் இணங்கிய நிரலே. அச்சொல்லுக்குள் அதற்குமேல் ஒன்றுமில்லை என்பதைத்தான் அவர் அறியவில்லை.

"பிழையின்றிக் கம்பைல் ஆயிற்று" என்பதும் அத்தகையதே. இலக்கணம் மீறிய தொடரைக் கண்டால் கம்பைலர் கட்டாயம் சொல்லவேண்டும். வரையறுக்கப்படாத நடத்தையைக் கண்டால் சொல்லவேண்டும் என்ற கட்டாயம் இல்லை; வாய்மூடி இருக்கலாம். கேட்டால் சொல்லக்கூடும். குனு கம்பைலரிடம் எச்சரிக்கைகளைக் காட்டச் சொல்லி ஆணை கொடுத்திருந்தால், அட்டவணைக்கு வரிசையெண்ணாக எழுத்துப்பெட்டியை வைத்திருக்கிறாயே என்று அதுவே எச்சரித்திருக்கும். நாம் கேட்கவில்லை, அதுவும் சொல்லவில்லை. அந்த மௌனத்தைச் சான்றிதழ் என்று எடுத்துக்கொண்டோம்.

*

குற்றத்தை அம்மாணவியின் தலையில் கட்ட நமக்கு மனமில்லை. அவருக்கு என்ன கற்பித்தோம்? நம் கல்லூரி ஆய்வகங்கள் பலவற்றில் வெகுகாலம் சி மொழி என்றால் டர்போ சி என்னும் நீலத்திரைதான். டாஸ் காலத்துக் கம்பைலர் அது. திரையைத் துடைக்க ஒரு கட்டளை, விசை தட்டும்வரை காத்திருக்க ஒரு கட்டளை என்று அது தனக்கென வைத்திருந்தவற்றைச் சி மொழியின் அங்கங்களாகவே மனப்பாடம் செய்வித்தோம். அவற்றுள் ஒன்றும் செந்தரத்தில் இல்லை. அதில் சாதாரண முழுவெண்ணின் எல்லை 32767. நம் நாட்டுப்பாடல் தொகுப்பின் எழுத்துகளை அதில் எண்ணப்புகுந்தால் எண்ணிக்கை பாதிவழியில் கழித்தல் குறியோடு திரும்பி வரும். பிற்காலக் கணினிகளில் அதே நிரல் இருநூறு கோடிக்கு மேலும் எண்ணும். இரண்டுமே செந்தரத்துக்கு உட்பட்டவை. முழுவெண் குறைந்தது 32767 வரை கொள்ளவேண்டும் என்பது மட்டுமே செந்தரத்தின் உறுதி. இதை எத்தனை வகுப்பறைகளில் சொன்னார்கள்?

வினாத்தாள்களின் கதை இன்னும் கொடிது. ஒரே மாறியை ஒரே கோவையில் முன்னால் ஒருமுறையும் பின்னால் ஒருமுறையும் கூட்டிவிட்டு, "விடை என்ன?" என்று கேட்கும் ஒரு மதிப்பெண் வினா நம் நாட்டுத் தேர்வுகளிலும் வேலைக்கான எழுத்துத் தேர்வுகளிலும் நெடுங்காலமாக உலவுகிறது. செந்தரத்தின்படி அதற்கு விடையே இல்லை. அது வரையறுக்கப்படாத நடத்தை. ஒரு கம்பைலர் ஒன்று சொல்லும், மற்றொன்று வேறு சொல்லும். ஒரே கம்பைலர் காலையில் ஒன்றும், வேகப்படுத்தும் ஆணை கொடுத்தபின் மாலையில் மற்றொன்றும் சொல்லலாம். "இது வினாவன்று" என்று எழுதிய மாணவருக்குச் சுழியம். தம் ஆசிரியர் கணினியில் என்ன வந்ததோ அதை எழுதியவருக்கு ஒரு மதிப்பெண். செந்தரத்தைப் படித்தவரைத் தண்டித்து, அதை மீறுவதில் தேர்ந்தவருக்குப் பரிசளிக்கும் தேர்வு இது. பெயரும் நிரல் வேண்டும் என்று பிறகு புலம்புவதில் என்ன பயன்?

*

கணினியை விட்டு நம் வீட்டுக்கே வருவோம். குறில் எகர ஒகரங்களுக்குப் புள்ளி உண்டென்று தொல்காப்பியம் வகுத்தது. அதுதான் செந்தரம். ஓலையில் எழுதியவர் அதைப் பின்பற்றினாரா? புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று விட்டுவிட்டார். மெய்யெழுத்தின் புள்ளியையும் விட்டார். எழுதியவருக்கு அது "செ" என்றோ "சே" என்றோ தெரியும். அவர் மாணவருக்கும் தெரியும். அவர்கள் இருந்தவரை அந்த ஏடு "ஓடியது". முந்நூறு ஆண்டு கழித்து வேறோர் ஊரில் வேறொருவர் கையில் அது சென்றபோது பாடபேதம் பிறந்தது. பதிப்பாசிரியர்கள் கண்பார்வையை இழந்து தேடியவற்றில் ஒரு பங்கு இத்தகைய புள்ளிகள். வீரமாமுனிவர் நெட்டெழுத்துக்குத் தனி வடிவம் தந்து அக்குழப்பத்தில் ஒரு பகுதியைத் தீர்க்கப் பதினெட்டாம் நூற்றாண்டு வரவேண்டியிருந்தது. இலக்கணம் இல்லாமல் இது நேரவில்லை. இலக்கணம் இருந்தது, எழுதியவர் தாம் எதை நம்பி எழுதுகிறார் என்பதைச் சொல்லாமல் சென்றார்.

அதே தொல்காப்பியம் சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என்று பகுத்தது. எல்லோர்க்கும் ஒருபடியாகப் பொருள் விளங்குவது இயற்சொல். கண்டிப்பான இணக்கம் என்று கணினியார் சொல்வது அதைத்தான். ஒரு நிலத்தில் வழங்கி மறுநிலத்தில் விளங்காதது திசைச்சொல். டர்போ சியின் நீலத்திரைக் கட்டளைகள் திசைச்சொற்கள். திசைச்சொல்லைத் தொல்காப்பியர் விலக்கவில்லை. செய்யுளுக்கு உரியதென்று இடம் கொடுத்தார். ஆனால் அது திசைச்சொல் என்று பெயரிட்டுச் சொன்னார். பெயரிடுதலில்தான் எல்லாம் இருக்கிறது.

"செவியறிவு போதாதா? ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடுகிறதே" என்பார் உண்டு. நம் குற்றாலத்தில் வாழ்ந்து 1954-இல் மறைந்த ரசிகமணி டி.கே.சி. அவ்வாறு ஒரு துணிவோடு கம்பனை அணுகினார். காதுக்கும் உள்ளத்துக்கும் ஒவ்வாத பாடல்களை இடைச்செருகல் என்று ஒதுக்கிப் பதிப்பித்தார். அவர் ரசனைக்கு நாம் தலைவணங்குகிறோம். அவர் குரலில் கம்பன் உயிரோடு வந்திருப்பான் என்பதிலும் ஐயமில்லை. எனினும் அக்காதை அடுத்தவருக்குப் பெயர்த்துக் கொடுக்க வழியில்லை. அதனால்தான் அவர் பதிப்பு இன்றும் விவாதத்துக்கு உரியதாக இருக்கிறது. "என் கணினியில் ஓடுகிறது" என்பது ரசிகமணியின் காது. அதை வைத்துச் சுவைக்கலாம், தரம் வகுக்க முடியாது.

*

உலகம் இதில் நம்மைவிட மேலாக நடந்துகொண்டது என்று எண்ணவேண்டாம். யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்குப் பொதுவாக 1988-இல் போசிக்ஸ் என்றொரு செந்தரம் வந்தது. அமெரிக்க அரசின் கொள்முதல் விதி அதற்கு இணங்கிய அமைப்புகளைக் கேட்டது. 1993-இல் வெளிவந்த விண்டோஸ் என்டி, போசிக்ஸ் உட்பிரிவு ஒன்றையும் கொண்டே வந்தது. அடிப்படைப் பகுதி எதைக் கேட்டதோ அது இருந்தது. வலைத்தொடர்பு இல்லை, வழக்கமான கட்டளைக் கருவிகள் இல்லை. யூனிக்ஸில் பயனுள்ளதாக ஓடிய நிரலைக் கொண்டுவந்து வைத்தால் பெரும்பாலும் ஓடாது. படிவத்தில் மட்டும் குறியிடலாம். விண்டோஸ் எக்ஸ்பியில் அவ்வுட்பிரிவையே எடுத்துவிட்டார்கள். செந்தரத்தின் சொல்லுக்கு இணங்கி அதன் நோக்கத்தைக் கைவிட்டதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

1996 ஜூன் 4 அன்று ஏரியன்-5 ஏவூர்தி புறப்பட்டு 40 நொடிக்குள் சிதறியது. ஏரியன்-4-இல் பிழையின்றி ஓடிய நிரற்பகுதி அதில் அப்படியே வைக்கப்பட்டிருந்தது. எழுதிய மொழியோ பாதுகாப்புக்கும் கறாரான தரத்துக்கும் பெயர்பெற்ற அடா. 64 நுண்மிப் பதின்ம எண் ஒன்றை 16 நுண்மி முழுவெண்ணாக மாற்றும் இடத்தில் எண் பெட்டியை மீறியது. பழைய ஏவூர்தியின் பாதையில் அவ்வெண் அத்துணை பெரிதாகாது என்பது முன்பு எழுதியவர்களின் நம்பிக்கை. புதிய ஏவூர்தியின் பாதை வேறு. மொழித்தரம் மீறப்படவில்லை, மீறப்பட்டது அந்த நம்பிக்கை.

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தையும் மறைக்கக்கூடாது. "கண்டிப்பான இணக்கத்தோடு எழுதினால் பயனுள்ள நிரல் ஒன்றையும் எழுதமுடியாது" என்பர். உண்மைதான். லினக்ஸ் கருவம் அதற்குச் சாட்சி. செந்தரத்தில் இல்லாத குனு நீட்டிப்புகளை வெளிப்படையாகச் சார்ந்தே அது எழுதப்படுகிறது; 2022-இன் 5.18 பதிப்புக்கு முன்புவரை 1989-ஆம் ஆண்டுச் செந்தரத்தின் குனு வடிவில்தான் இருந்தது. எனினும் கைப்பேசி முதல் மீக்கணினி வரை அது ஓடாத இடம் அரிது. எப்படி? எந்தக் கணினியின் இயல்பை எங்கே நம்பியிருக்கிறது என்பதை ஒவ்வொரு கட்டமைப்புக்கும் தனித்தனி அடைவாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். நம்பியது எழுதப்பட்டிருக்கிறது, நம்பிக்கை மாறினால் திருத்தவேண்டிய இடம் தெரிகிறது.

ஆக, இணங்கிய நிரல் பெயராமல் போவதையும் கண்டோம். இணங்காத நிரல் பெயர்வதையும் கண்டோம். இவ்விரண்டுக்கும் நடுவே நிற்பது ஒன்றே: எழுதியவர் தாம் நம்பியவற்றை அறிந்திருந்தாரா, அறிந்ததைப் பின்வருவோருக்குச் சொல்லிச் சென்றாரா? செந்தரத்தின் உண்மையான பயன் அங்கேதான். அது ஓர் ஒப்பந்தம். எது உறுதி, எது அவரவர் விருப்பம், எது யாருடைய பொறுப்பும் அன்று என்று மூன்று பத்திகளாகக் கோடு கிழித்துக் காட்டுகிறது. முதற்பத்தியை மட்டும் விளம்பரத்தில் போட்டுவிட்டு மற்ற இரண்டையும் படிக்காதவருக்கு இணக்கம் என்ற சொல்லை ஆளும் தகுதி இல்லை.

*

தமிழ்க் கணிமையில் இம்மயக்கம் இன்னும் தீரவில்லை. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு டாம், டாப் குறியேற்றங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் ஏற்றது. மடற்குழுக்களில் விவாதித்து உருவான திஸ்கி ஒருபக்கம் இருந்தது. 2010-இல் ஒருங்குறியை அரசு தன் தரமாக அறிவித்தது. அன்றுமுதல் "யூனிகோடு இணக்கம் உடையது" என்ற முத்திரை எல்லாவற்றின்மேலும் விழுகிறது. ஒருங்குறியில் தட்டச்சாகிறது என்பது மட்டுமே பலருக்கு அதன் பொருள்.

"தமிழ்" என்ற சொல்லில் எத்தனை எழுத்து? நன்னூல் படித்த சிறுவன் மூன்று என்பான். ஒருங்குறியின் குறிகளை எண்ணும் நிரல் ஐந்து என்னும். யூடிஎஃப்-8 எண்களை எண்ணும் நிரல் பதினைந்து என்னும். மூன்று நிரல்களும் இணங்கியவையே! எதை எண்ணுகிறோம் என்று சொல்லாத நிரலைக்கொண்டு யாப்பை ஆராயமுடியுமா?

அகரவரிசையைப் பாருங்கள். ஒருங்குறி அட்டவணையில் னகரம் நகரத்தை அடுத்து நிற்கிறது. புள்ளி எல்லா உயிர்க்குறிகளுக்கும் பின்னால் நிற்கிறது. எண்வரிசைப்படியே அடுக்கினால் நம் நெடுங்கணக்கு குலைந்து, கௌகாரத்துக்கும் பின்னால் க் வந்து நிற்கும். உடனே "ஒருங்குறி தமிழைக் கெடுத்தது" என்று ஒரு தரப்பு எழும். அட்டவணை வரிசை அகரவரிசை அன்று என்று ஒருங்குறியே சொல்லி, வரிசைப்படுத்தத் தனி நெறிமுறையும் தந்திருக்கிறது. நிரல் எழுதியவர் அதைப் படிக்கவில்லை. குறைசொல்பவரும் படிக்கவில்லை.

ஔகாரத்தை ஒகரமும் ளகரமுமாக அடித்தவர்கள் உள்ளனர். கண்ணுக்கு ஒன்றுபோல் தெரியும், தேடினால் கிடைக்காது. ஸ்ரீ என்ற வடிவத்தை ஸகரம் கொண்டும் எழுதலாம், 2005-இல் சேர்ந்த ஶகரம் கொண்டும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம். ஒகர உயிர்க்குறியை ஒரே குறியாகவும் கொம்பும் காலுமாக இரு குறியாகவும் வைக்கலாம். இரண்டும் சமம் என்பது ஒருங்குறியின் விதி, அச்சமத்தைச் செயற்படுத்துவது நிரலின் கடமை. முத்திரை குத்தியவர்கள் இவற்றுள் எதைச் சோதித்தார்கள்?

*

கோரிக்கைகள் பெரியவை அல்ல. விடையில்லாத வினாக்களை வினாத்தாளிலிருந்து நீக்குங்கள். மாணவர் நிரலை மதிப்பிடும்போது குறைந்தது இரண்டு கம்பைலர்களில், இயன்றால் இருவகைக் கணினிகளில் ஓட்டச் சொல்லுங்கள். கம்பைலரிடம் எச்சரிக்கைகளைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். சோதிக்கும் உரை தமிழாக இருக்கட்டும். செயல்திட்ட அறிக்கையில் "தரத்துக்கு இணங்கியது" என்ற வரியை அடித்துவிட்டு, "இந்நிரல் எவற்றை நம்பியிருக்கிறது" என்று ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். தமிழ் மென்பொருள் வாங்கும் அலுவலகங்களும் அதே பக்கத்தைக் கேட்கட்டும். அப்பக்கத்தைத் தரமுடியாதவரிடம் முத்திரையை வாங்கி என்ன செய்யப்போகிறோம்?

அம்மாணவி தம் நிரலில் ஒரே ஒரு சொல்லைச் சேர்த்தார். எழுத்துப்பெட்டி குறையற்றது என்று அறிவிக்கும் சொல் அது. காலம் திரும்பி வந்தது, தாயும் வந்தாள். நிரலின் தலைப்பில் அவர் தாமாகவே ஒரு குறிப்பும் எழுதினார்: எழுத்துருவின் எந்த எண்கள் ஐயத்துக்கு உரியவை, எந்தப் பாடல்களை அச்சுத்தாளோடு ஒப்பிடவில்லை, அட்டவணையில் எங்கே ஊகித்திருக்கிறார் என்பன அதில் உள்ளன. சான்றிதழ் எதையும்விட அக்குறிப்பை நாம் நம்புகிறோம்.

தென்காசி விசுவநாதர் கோயிலைப் பதினைந்தாம் நூற்றாண்டில் எடுப்பித்த பராக்கிரம பாண்டியன் அங்கே பாட்டாகவே ஒரு கல்வெட்டு வைத்துச் சென்றான். சிற்பநூல் விதிப்படி கட்டினேன், இதற்குக் குறை வராது என்று அவன் எழுதவில்லை. வரக்கூடாத குற்றம் வந்தால், வந்து அதைச் சீர்செய்து காப்பவர் எவராயினும் அவரைப் பணிவேன் என்று எழுதினான். கோபுரம் பிற்காலத்தில் சிதைந்தது. 1990-இல் ஒன்பது நிலைகளோடு மீண்டும் எழுந்தது. நாள்தோறும் அதன் நிழலில் நடக்கும் நாம், நாம் எழுதும் நிரலிலும் பதிப்பிலும் பின்னால் வருபவரை எண்ணி ஒரு வரி எழுதிவைக்கப் பழகவேண்டாமா?